வேட்டி வெளுப்பும் காகித வெளுப்பும்: காவிரிக்கரையில் குளோரின்

காவிரி ஸ்ரீரங்கத்துக்கு வருவதற்கு முன் தாண்டி வரும் ஊர்களில் மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: மேட்டூர், பள்ளிபாளையம், புகளூர். முதல் ஊரில் குளோரின் தயாரித்தார்கள். மற்ற இரண்டு ஊர்களிலும் குளோரினைக் கொண்டு காகிதக் கூழை வெளுத்தார்கள். இந்த மூன்று ஊர்களுக்கும் கீழே ஆற்றில் தண்ணீர் எடுப்பவர்கள் நாம். அதனால்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கதை திருச்சியில்தான் தொடங்குது. திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் மின்சாரம் கொடுத்த சேஷசாயி பிரதர்ஸ் நிறுவனம், மேட்டூர் அணை மின்சாரத்தை நம்பி 1930-களில் மேட்டூர் கெமிக்கல்ஸைத் தொடங்கியது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடா கிடைக்கும், கூடவே குளோரினும் வரும். ஒரு டன் காஸ்டிக்குக் கிட்டத்தட்ட 890 கிலோ குளோரின். ஒன்றை மட்டும் தயாரிக்க வழியே கிடையாது. இரண்டையும் வாங்கிக்கொள்ளும் தொழில் எது? கூழ் வேகவைக்கக் காஸ்டிக், வெளுக்கக் குளோரின் என்று இரண்டும் தேவைப்படுவது காகிதத் தொழிலுக்கு. அதே குழுமத்தின் காகித ஆலை 1960-இல் பள்ளிபாளையத்தில் உருவானது. 1979-இல் அரசின் டிஎன்பிஎல் வந்தது. அன்றைய திருச்சி மாவட்டத்தில் இருந்த புகளூரில் அதன் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யத் தொடங்கியது.

சரி, வெளுப்பு எதுக்கு? மரத்தில் செல்லுலோஸ் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை லிக்னின். கால் பங்கு அதுதான். நம்மூர் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் போட்டு வெள்ளாவி வைப்பது மாதிரி, ஆலையில் காரத்தில் வேகவைத்தால் பெரும்பகுதி லிக்னின் கரைந்து போகும். மிச்சம் ஒட்டிக்கொண்டிருப்பது கூழுக்குப் பழுப்பு நிறம் கொடுக்கும். அதை எடுப்பதுதான் வெளுப்பு.

1774-இல் ஷீலே குளோரினைக் கண்டுபிடித்தார். 1785-இல் பெர்தொலே அதன் வெளுக்கும் குணத்தைக் காட்டினார். 1799-இல் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை வாங்கினார். மாதக்கணக்கில் வெயிலில் விரித்து வெளுத்த துணி, சில நாட்களிலேயே வெளுத்தது. ஆனால் விலை ஒன்று இருந்தது. 1820-களில் ஜான் மரே என்பவர், 1816-இல் அச்சான பைபிள் ஒன்று கையிலேயே பொடிந்து போவதைக் காட்டி, காகிதத்தின் தரம் கெட்டுவிட்டது என்று எழுதினார். வெள்ளை வேட்டியை நாலு தடவை பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டுப் பாருங்க, மடிப்பிலேயே கிழியும். அதே வேதியியல்தான்.

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மணிகள் கோத்த நீண்ட மாலை. மரத்தில் ஒரு மாலைக்குப் பத்தாயிரம் மணிகள் வரை இருக்கும். வேகவைத்து வெளுத்து முடிக்கும்போது ஆயிரத்தைச் சுற்றி வந்துவிடும். அதற்கும் கீழே ரொம்பக் குறைந்தால் நாருக்கு வலு இல்லை. ஆலையில் மணிகளை எண்ண முடியாது. கூழைத் தாமிரக் கரைசலில் கரைத்துப் பாகுநிலையைப் பார்ப்பார்கள். மாலை நீளமாக இருந்தால் கரைசல் தேன் மாதிரி மெதுவாக வழியும், அறுந்திருந்தால் தண்ணீர் மாதிரி ஓடும்.

இரண்டாவது விலை ஆற்றுக்கு. லிக்னினோடு குளோரின் சேர்ந்து குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்களாகக் கழிவுநீரில் போகும். 1980-களில் அமெரிக்காவில் காகித ஆலைகளுக்குக் கீழே பிடித்த மீன்களில் டையாக்ஸின் இருப்பது தெரிந்ததும் உலகமே விழித்துக்கொண்டது. இந்தியாவில் 2003-இல் வந்த சாசனம், பெரிய ஆலைகளில் ஒரு டன் காகிதத்துக்கு இந்தக் கழிவு முதலில் 1.5 கிலோ, பிறகு 1 கிலோ என்று வரம்பு வைத்தது.

இங்கேதான் 'குளோரின் இல்லாத' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கணும். அது இரண்டு வகை. ஒன்றில் குளோரின் வாயுவுக்குப் பதில் குளோரின் டையாக்சைடு. பேரில் குளோரின் இருந்தாலும் அது லிக்னினைப் பெரும்பாலும் ஆக்ஸிஜனேற்றம்தான் செய்யும், செல்லுலோஸைக் கிட்டத்தட்டத் தொடாது. ஆற்றுக்குப் போகும் குளோரின் சேர்மங்களும் வெகுவாகக் குறையும். டிஎன்பிஎல் 2008-ஐ ஒட்டி மாறியது இந்த முறைக்குத்தான். இரண்டாவது வகையில் குளோரின் அணுவே கிடையாது. ஆக்ஸிஜன், ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும்.

ஆற்றுக்கு இரண்டாவதுதான் நல்லது என்று தோன்றும். ஆனால் நாருக்கு? ஓசோனுக்கு லிக்னின் எது, செல்லுலோஸ் எது என்று நன்றாகப் பிரிக்கத் தெரியாது. பெராக்சைடு நல்ல பிள்ளைதான். ஆனால் கூழில் துளி இரும்போ மாங்கனீசோ தாமிரமோ இருந்தால் சிதைந்து, மாலையை அறுக்கும் மூர்க்கமான துகள்களை உண்டாக்கும். அதனால் முதலில் இடிடிஏ போட்டு உலோகத்தைக் கழுவணும். ஆக்ஸிஜன் கட்டத்தில் மெக்னீசியம் உப்பு சேர்த்துக் காப்பாற்றுவார்கள். அப்படியும் அந்தக் கட்டத்தில் லிக்னினில் சுமார் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். மீதியையும் விரட்டினால் நாரும் சேர்ந்து போகும்.

கணிப்பொறித் தொழிலில் ஒன்றை வேகமாக்கினால் இன்னொன்று வீங்கும் என்று தினமும் பார்க்கிறேன். இதுவும் அந்த மாதிரிக் கணக்குதான். ஆனால் ஒரு வழி இருக்கு: வெளுப்புக்கு வருவதற்கு முன்பே லிக்னினைக் குறைத்துவிடுவது. நன்றாக வேகவைத்து, நன்றாக அலசி, ஆக்ஸிஜன் கட்டத்தை இதமாக நடத்தினால், கடைசியில் எந்த மருந்தும் கொஞ்சம் போதும். கரும்புச் சக்கையில் லிக்னின் மரத்தைவிடக் குறைவு, சுலபமாக வேகும். அந்த வகையில் புகளூருக்கு அதிர்ஷ்டம். மணப்பாறைப் பக்கம் மொண்டிப்பட்டியில் 2016-இல் வந்த டிஎன்பிஎல் அட்டை ஆலையோடு, காகிதம் மறுபடி திருச்சி மாவட்டத்துத் தொழிலாகிவிட்டது. ஆகவே இது நம் ஊர்க் கணக்கும்தான்.

நூறு வருஷம் நிற்கும் புத்தகமும் வேண்டும், அம்மாமண்டபத்தில் இறங்கிக் குளிக்க நல்ல தண்ணீரும் வேண்டும். அதற்கு வெள்ளை நிறத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலே போதும். லேசாகப் பழுப்பான தாளில் அச்சிட்டால் எழுத்து ஒன்றும் மங்கிவிடாது. கண்ணுக்கும் அதுதான் இதம்.