அம்மாவுக்கு எத்தனை பைட்?

போன வாரம் விழுப்புரத்துலேர்ந்து கடலூருக்குப் பாசஞ்சர்ல போயிட்டிருந்தேன். மேல்பட்டாம்பாக்கம் ஸ்டேஷன்ல ரயில் நின்னப்போ, எதிர் சீட்டுல பத்தாவது படிக்கிற வயசுப் பொண்ணு ஒண்ணு கணக்குப் பாட வீடியோவைத் திறந்துச்சு. திரையில வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நெல்லிக்குப்பம் வந்துடுச்சு, பாடம் வரல.

இந்தத் தலைவலி தமிழுக்குப் புதுசு இல்ல. 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தப்போ, மாணவர்களுக்கான மலிவுக் கணக்குல எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது. அந்த எழுத்தும் ஆங்கில எழுத்துதான். 'அம்மா'வை ஆங்கில எழுத்துல அடிச்சுத்தான் அனுப்பணும்.

அப்புறம் 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்இணையம் 99 மாநாடு. எழுத்துருக் குழப்பத்துக்கு முடிவு கட்ட டாம், டாப்னு ரெண்டு குறியீட்டுத் தரங்கள் அதையொட்டித்தான் வந்தன. இணையவழியா தமிழ் சொல்லிக் கொடுக்க ஒரு பல்கலைக்கழகம்ங்கிற அறிவிப்பும் அங்கதான். வா.செ. குழந்தைசாமி தலைமையில அது 2001 பிப்ரவரி 17 அன்று தொடங்குச்சு. இன்னிக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம்னு சொல்றோமே, அதேதான்.

மாணவர்கள் யாரு? பெரும்பாலும் வெளிநாட்டுத் தமிழர்கள். அங்கயும் அப்போ நிறைய வீடுகள்ல டயல்-அப்தான். 56 கேபிபிஎஸ் மோடம்னா கணக்குப்படி நொடிக்கு 7 கிலோபைட். நடைமுறையில 4, 5 வந்தாலே பெரிய விஷயம். ஒரு பக்கத்தை ஸ்கேன் பண்ணி 100 கிலோபைட் படமாப் போட்டா, 20 நொடிக்கு மேல காத்திருக்கணும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்லயும் தமிழ் தெரியணும்னு பல தளங்கள் இப்படிப் படமாத்தான் போட்டன. அது எனக்குப் புரியுது. ஆனா தேட முடியாது, காப்பி பண்ண முடியாது, இணைப்பையும் அடைச்சுடும்.

எழுத்தாவே போட்டா? டாம் குறியீட்டுல 'அம்மா'வுக்கு 4 பைட். அ, ம், ம, துணைக்கால், அவ்வளவுதான். இன்னிக்கு நாம புழங்குற யுடிஎஃப்-8 யூனிகோடுல அதே சொல்லுக்கு 15 பைட்! தமிழக அரசு 2010 ஜூன்ல யூனிகோடுக்கு மாறினப்போ எடை கூடத்தான் செஞ்சுது. ஆனாலும் 2,000 எழுத்துள்ள ஒரு பக்கம் சுமார் 10 கிலோபைட்தான். சுருக்கி அனுப்பினா அதுலயும் நல்லாக் குறையும். எந்தப் போன்லயும் தனி எழுத்துரு இல்லாம தெரியுதே, அந்த விலை கொடுக்கலாம்.

அந்தப் பழைய பாடங்களைத் திறந்து பாருங்க. பாட முன்னுரை, 1.1, 1.2, நடுவுல 'தன்மதிப்பீடு: வினாக்கள்', கடைசில தொகுப்புரைன்னு ஒவ்வொண்ணும் தனித்தனிச் சின்னப் பக்கம். முதல் பகுதியைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் அடுத்தது இறங்க வேண்டியதே இல்ல. பார்க்க அழகா இருக்காது, ஒத்துக்கிறேன். ஆனா வந்து சேரும்.

நடுவுல வேகம் கூடுச்சு, நாமளும் பாடம்னா வீடியோதான்னு முடிவு பண்ணிட்டோம். 2020-ல பள்ளிக்கூடங்கள் மூடினப்போதான் குட்டு வெளிப்பட்டுச்சு. அப்போ கைகொடுத்தது 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கின கல்வித் தொலைக்காட்சி. டேட்டா வேண்டாம், வட்டம் சுத்தாது. ஆனா புரியலன்னா நிறுத்திப் பின்னாடி போக முடியாது, வீட்டுல ரெண்டு பிள்ளைங்க வேற வேற வகுப்புன்னா சண்டைதான். 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்துல இல்லம் தேடிக் கல்வி தொடங்குச்சு. அதுல தன்னார்வலரே தெருவுக்கு வந்துட்டாங்க.

அந்த ரயில் பொண்ணுக்குத் தேவைப்பட்டது அநேகமா ஒரு கணக்கோட நாலு படிகள். எழுத்தா அடிச்சா ரெண்டு கிலோபைட்கூட வராது.