எச்சரிக்கை எதுவரை செல்கிறது? ஆரியசாலையும் வேதிப்பொருள் சட்டங்களின் வரலாறும்

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைவீதி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருப்பெற்றது. ஆலப்புழைத் துறைமுகத்தின் வளர்ச்சியோடு இணைத்துப் பேசப்படும் பெயரும் அவருடையதே. துறைமுகத்தில் மொத்தமாக இறங்கும் சரக்கு, கடைவீதியில் சில்லறையாகப் பிரிந்து வீடுகளைச் சென்றடையும் என்ற வணிக ஒழுங்கு அன்று முதல் இங்கு நிலைபெற்றுள்ளது. அக்கடைவீதியை ஒட்டியுள்ள ஆரியசாலையில் தமிழ் வணிகர்களின் தொழில் நெடுங்காலத் தொடர்ச்சி உடையது. இன்று இப்பகுதி வேதிப்பொருள் கடைகளுக்கும் பெயர்பெற்றது. பாடநூல்கள் சலவைத்தூள் என்று குறிக்கும் பிளீச்சிங் பவுடரும் அமிலங்களும் இத்தகைய கடைகளுக்கு மூட்டையாகவும் கேனாகவும் வந்து, கிலோவாகவும் லிட்டராகவும் பிரிந்து செல்கின்றன.

எந்தக் கடைவீதியிலும் மூட்டை பிரிக்கப்படும்போது பொருள் வாங்குபவருடன் சென்றுவிடும். மூட்டையின்மேல் அச்சிட்ட எச்சரிக்கை மூட்டையிலேயே தங்கிவிடும். இந்தியாவின் வேதிப்பொருள் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றை இந்த ஓர் இடத்தில் நின்று பார்க்கும்போது, அதன் சாதனையும் இடைவெளியும் ஒருசேரப் புலப்படுகின்றன.

அவ்வரலாற்றின் முதன்மையான திருப்பங்களுள் ஒன்று கேரளத்திலேயே நிகழ்ந்தது. 1958இல் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஃபாலிடால் என்ற வணிகப் பெயரில் விற்கப்பட்ட அந்நஞ்சு உணவுப் பொருளோடு சேர்த்துக் கொண்டுசெல்லப்பட்டதே கேட்டின் வேர். கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நேர்ந்த இந்நச்சுணவு நிகழ்வுகளை ஆராய நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின், 1968இல், பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது.

1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் இரண்டு கூறுகள் இங்குக் கருதத்தக்கவை. உரிய முறையில் அடைத்து, முகப்புச்சீட்டு ஒட்டாத பூச்சிக்கொல்லியை விற்கவோ இருப்பில் வைக்கவோ கூடாது என்பது ஒன்று. பொட்டலத்தோடு வரும் தகவல் தாள் இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு, விற்கப்படும் பகுதியின் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. எச்சரிக்கை கடைசி வாங்குபவர் வரை, அவர் படிக்கும் மொழியில் செல்ல வேண்டும் என்பதை இவ்விதிகள் ஏற்றன. ஆனால் அக்கொள்கை பூச்சிக்கொல்லிகளோடு நின்றுவிட்டது.

1984 டிசம்பர் 2, 3 நாட்களின் போபால் பேரழிவு சட்டத்தின் பார்வையைத் தொழிற்சாலையின் பக்கம் திருப்பியது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7ஆ பிரிவு, உற்பத்தியாளர், இறக்குமதியாளர், வழங்குநர் ஆகியோரின் கடமையை முதன்முறையாக விரிவாக வரையறுத்தது. தாம் வழங்கும் பொருள் பாதுகாப்பானதா என்று சோதிப்பதும், அதனைப் பாதுகாப்பாகக் கையாளுவதற்கான தகவலை அளிப்பதும் அவர்தம் பொறுப்பாயின. ஆயினும் தொழிற்சாலையில் பயன்படும் பொருளுக்கே அப்பிரிவு பொருந்தியது.

1989 நவம்பரில் வெளியான அபாயகரமான வேதிப்பொருள்கள் விதிகள் பாதுகாப்புத் தரவுத் தாளையும் கொள்கலன் முகப்புச்சீட்டையும் கட்டாயமாக்கின. அவையும் ஆலைச் செயல்பாடு, பேரளவுச் சேமிப்பு என்னும் இரண்டையே மையமாகக் கொண்டவை. சான்றாக, குளோரின் வாயுவைத் தனியே சேமிப்பவருக்கான கடமைகள் 10 டன்னில் தொடங்குகின்றன. அதே ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சரக்கு அனுப்புபவர் லாரி உரிமையாளருக்கு ஆபத்துத் தகவலைத் தரவேண்டும் என்றன. ஆகவே ஆலையிலிருந்து நெடுஞ்சாலை வரை எச்சரிக்கைக்குச் சட்டவழி உண்டு. லாரி கடைவாசலில் நின்றதும் அவ்வழி மெலிந்துவிடுகிறது.

கடல்வழி வணிகத்தில் இதே பொருள் வேறு வகையில் நடத்தப்படுகிறது. சலவைத்தூளின் செறிந்த வடிவமான கால்சியம் ஹைபோகுளோரைட்டு வெப்பத்தால் தானே சிதைந்து தீப்பற்றக்கூடியது. 1998 டிசம்பரில் 'அகொன்காகுவா' என்ற கப்பலில் ஏற்றப்பட்டிருந்த அப்பொருள் வெடித்தது. ஏற்றுமதி செய்த சீன நிறுவனமே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று இங்கிலாந்து நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. பொருளின் ஆபத்தை அறிந்து அறிவிக்கும் கடமை அனுப்புபவருடையது என்பது கடல் வணிகச் சட்டத்தின் பழைய கொள்கை. இத்தீர்ப்பு அதன் கூர்மையைக் காட்டியது.

2007 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ரீச்' விதிமுறை மேலும் ஓரடி சென்றது. பாதுகாப்புத் தரவுத் தாள் பொருள் விற்கப்படும் நாட்டின் ஆட்சிமொழியில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆகவே இந்தியாவில் செய்த வேதிப்பொருள் போலந்தில் விற்கப்படும்போது அதன் தரவுத் தாள் போலிஷ் மொழியில் எழுதப்பட்டாக வேண்டும். அதே பொருள் ஆரியசாலைக்கு வரும்போது மலையாளத்திலோ தமிழிலோ தாள் தரும் கட்டாயம் எழுவதில்லை. ஏற்றுமதியாளர்க்கு இணங்கி நடக்கும் திறன் இல்லை என்று இதற்குக் காரணம் கூற முடியாது. வெளிநாட்டுச் சந்தை கேட்கும்போது அத்திறன் வெளிப்பட்டுவிடுகிறது. உள்நாட்டுச் சந்தையின் சார்பில் கேட்பவர் இல்லை என்பதே உண்மை.

கடை மேசையைச் சட்டம் அடையவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அமில வீச்சுக் கொடுமைகளை முன்னிட்டு லட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 18இல் பிறப்பித்த ஆணை, ஒவ்வொரு அமில விற்பனையாளரையும் நேரடியாகத் தொட்டது. வாங்குபவரின் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றுக்குப் பதிவேடு, புகைப்பட அடையாள அட்டை, 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பனைத் தடை, கணக்கில் காட்டாத இருப்புக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் என அதன் நிபந்தனைகள் கடுமையானவை. எனினும் அப்பதிவேடு வாங்குபவர் யார் என்று கேட்கிறது. அவருக்கு என்ன சொல்லப்பட்டது என்று கேட்பதில்லை. சலவைத்தூளும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும் என்ற செய்தி, இரண்டையும் ஒரே கடையில் வாங்கிச் செல்லும் துப்புரவுத் தொழிலாளிக்கு எழுத்தில் கிடைப்பது தற்செயலாகவே உள்ளது.

2023 மே மாதத்தில் இவ்விடைவெளி நகரையே உலுக்கியது. கேரள மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்குகளில் 17ஆம் தேதி கொல்லத்திலும், 23ஆம் தேதி திருவனந்தபுரத்தின் தும்பாவிலும், 27ஆம் தேதி ஆலப்புழையிலும் தீவிபத்துகள் நேர்ந்தன. மூன்றிலும் ஐயம் சலவைத்தூளின்மீதே விழுந்தது. தும்பாவில் தீயணைப்பு வீரர் ஒருவர் பணியின்போது உயிரிழந்தார். அரசே வாங்குபவராக இருந்த இடத்தில், வழங்கப்பட்ட பொருளின் தன்மையும் அதனை வைக்கவேண்டிய முறையும் தீக்குப் பின்னரே பொதுப் பேச்சாயின.

ஒவ்வொரு சட்டமும் தனக்கு முந்தைய விபத்தின் வடிவத்தையே பெற்றுள்ளது. மாவு மூட்டையிலிருந்து பூச்சிக்கொல்லி விதியும், ஆலையிலிருந்து ஆலை விதியும், அமில வீச்சிலிருந்து பதிவேடும் பிறந்தன. அனைத்து வேதிப்பொருள்களையும் ஒரே வரம்புக்குள் கொணர 2020இல் எழுதப்பட்ட விதிகள் வரைவு நிலையிலேயே தேங்கின. அதற்கான முன்மாதிரியை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. கேரளத்து மரணங்களின் விளைவாக 1971இல் எழுதப்பட்ட விதி, பொட்டலத்தோடு எச்சரிக்கையும் வட்டார மொழியில் செல்ல வேண்டும் என்று கூறியுள்ளது. அதனைச் சலவைத்தூளுக்கும் அமிலத்திற்கும் விரிவுபடுத்தினால், ஆரியசாலைக் கடையில் மூட்டை பிரிக்கப்பட்ட பின்னும் எச்சரிக்கை பொருளோடு செல்லும்.