சேற்று டயர்

சேற்று டயர் என்பது களிமண், உழுத நிலம், மழையில் நனைந்த மண்பாதை ஆகியவற்றில் வழுக்காமல் ஓடுவதற்காக, உயரமான ரப்பர் கட்டைகளை அகன்ற இடைவெளி விட்டு வார்த்துச் செய்யும் டயர். கடைகளில் எம்.டி. டயர் என்று கேட்டால் கொடுப்பார்கள். பழைய ஜீப்காரர்களுக்கு அது பட்டன் டயர். தார்ச்சாலைக்கு எச்.டி., எல்லாப் பாதைக்கும் ஏ.டி., சேற்றுக்கு எம்.டி. என்பது வணிகத்தில் வழங்கும் பிரிவு. மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிய எழுமலைப் பேரூராட்சியையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்வைத்து, குறைந்த செலவில் இந்த டயரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

மண்ணும் மழையும்

எழுமலையில் எந்த டயர் என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்வது மண். மலையடிவாரத்தில் சரளையும் செவலும். தென்கிழக்கே பேரையூர், டி. கல்லுப்பட்டிப் பக்கம் இறங்க இறங்கக் கரிசல். செவல் நிலத்தில் மழை விட்ட மறுநாளே வண்டி ஓடும். தண்ணீர் வடிந்துவிடும், அடியில் கெட்டியும் இருக்கும். கரிசல் அப்படியல்ல. மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமண் நிறைந்த அந்த மண் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்த கரிசலில் செருப்போடு நாலு எட்டு வைத்தால் கால் கனத்துவிடும். அதே மண் டயர் கட்டைகளின் இடைவெளியில் போய் அடைத்துக்கொண்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரும் ஒரு வழவழப்பான உருளைதான்.

மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 850 மி.மீ. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. சேறு இருப்பது இரண்டு, மூன்று மாதம். மற்ற மாதங்களில் புழுதி, கூர்க்கல், கொதிக்கும் தார், எங்கும் சீமைக்கருவேல முள். ஆண்டு முழுவதும் சேற்றில் உழல்கிற மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து ஜீப்புக்குப் பொருந்தும் டயர், எழுமலைத் தோட்டத்திலிருந்து உசிலம்பட்டிச் சந்தைக்குப் பூவும் காயும் ஏற்றிப்போகும் பிக்கப் வண்டிக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

கட்டைகள் வேலை செய்யும் விதம்

சேற்று டயரின் திறமை ரப்பர் கட்டைகளில் பாதி, அவற்றுக்கு நடுவே விட்ட வெற்றிடத்தில் பாதி. கட்டை மண்ணுக்குள் இறங்கிப் பின்னோக்கித் தள்ளுகிறது. சக்கரம் மேலே வரும்போது இடைவெளியில் சிக்கிய மண் வீசி எறியப்படுகிறது. இதைத் தானே துடைத்துக்கொள்ளுதல் என்பார்கள். எறிவதற்குச் சக்கரம் ஓரளவு வேகமாகச் சுழல வேண்டும். முதல் கியரில் ஊர்ந்துபோனால் கரிசல் உதிராது. நல்ல டயர்களில் கட்டைகளுக்கு நடுவே சிறு முகடுகள் இருக்கும். கல்லைப் பிடித்துவைக்காமல் வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. கடையில் அந்த இடைவெளியில் கட்டைவிரலை விட்டுப் பார்க்கலாம். விரல் தாராளமாகப் போகாத டயரில் கரிசலும் எளிதில் வெளியேறாது.

அகலமா, ஒடுக்கமா என்பது நெடுநாள் வாதம். கண்மாய்க் கரை, ஓடைக் குறுக்கு போன்ற இடங்களில் மேலே மெல்லிய சேறும் அடியில் சரளையும் இருக்கும். அங்கே ஒடுக்கமான டயர் சேற்றை வெட்டிக் கீழே உள்ள கெட்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆழமான கரிசலில் அப்படிப் பிடிக்கக் கெட்டித்தரையே கிடையாது. அங்கே வண்டி மிதந்து போக வேண்டும். அகன்ற டயரே உதவும்.

வரலாறு

சார்லஸ் குட்இயர் 1839-இல் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டார். ஜான் டன்லப் 1888-இல் காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வயலுக்குள் காற்று டயர் இறங்கியது 1932-இல், அமெரிக்காவின் ஆலிஸ்-சால்மர்ஸ் டிராக்டரில். அதுவரை டிராக்டருக்கு இரும்புச் சக்கரம். இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப் 6.00-16 அளவில், முன்னோக்கி ஓடினாலும் பின்னோக்கி ஓடினாலும் ஒரே மாதிரி பிடிக்கும் கட்டைகள் கொண்ட டயரோடு வந்தது. விடுதலைக்குப் பின் மஹிந்திரா நிறுவனம் அந்த ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்றபோது டயரின் அளவும் வடிவமும் கூடவே வந்து, பல பத்தாண்டுகள் மலைப்பாதைகளில் நிலைத்தன. போடி, கம்பம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளிலும், கொழுக்குமலைக்குக் கல்மேட்டில் ஏறும் ஜீப்புகளிலும் அதன் தொடர்ச்சியைக் காணலாம்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மரச்சக்கரத்தை மாற்றி டயர் பூட்டிய மாட்டுவண்டி டயர் வண்டி என்றே பெயர் பெற்றது. சென்னைத் திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1960-களில் டயருக்கு வந்தது. மதுரைக்கு அருகே வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவின் ஆலை உள்ளது. இருசக்கர வண்டி டயர்களோடு வயலுக்கும் கட்டுமானத்துக்குமான டயர்களும் அந்நிறுவனம் செய்கிறது.

மலிவைக் கணக்கிடுதல்

விலைச்சீட்டில் உள்ள தொகையை மட்டும் பார்த்து வாங்குவதால்தான் பலர் இரட்டிப்பாகச் செலவழிக்கிறார்கள். ஓடும் தூரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். கணக்குக்காக ஏ.டி. டயர் ஒன்று 8,000 ரூபாய், 50,000 கி.மீ. ஓடுகிறது என்றும், எம்.டி. டயர் 11,000 ரூபாய், 30,000 கி.மீ. ஓடுகிறது என்றும் கொள்வோம். முதலாவது கிலோமீட்டருக்கு 16 பைசா, இரண்டாவது சுமார் 37 பைசா. நாலு சக்கரத்துக்கும் சேர்த்தால் வித்தியாசம் 83 பைசா. மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு 830 ரூபாய். தார்ச்சாலையில் எம்.டி. டயர் கூடுதலாகக் குடிக்கும் டீசலும், இரைச்சலும், ஈரத்தாரில் பிரேக் பிடிக்கும்போது நீளும் தூரமும் இந்தக் கணக்கில் இல்லை. எழுமலைக்காரர்களில் பெரும்பாலோருக்கு, பக்கச்சுவர் தடித்த நல்ல ஏ.டி. டயரே லாபம் என்பது இதனால் தெளிவு.

அதைவிட மலிவான வழி லாரிக்காரர்களிடம் இருக்கிறது. முன்சக்கரத்தில் நேர்கோட்டு வரி கொண்ட ரிப் டயர், இழுக்கும் பின்சக்கரத்தில் கட்டை கொண்ட லக் டயர். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் பொலிரோ பிக்கப், தோஸ்த், குட்டியானை போன்றவற்றுக்கு இந்த முறை கச்சிதமாகப் பொருந்தும். இரண்டு டயருக்கான பணத்தில் பிடிப்பில் பெரும்பகுதி கிடைத்துவிடும். நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்புக்கு மட்டும் இது கூடாது. முன்னும் பின்னும் டயரின் சுற்றளவு மாறினால் இரு அச்சுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸில் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டித் தேய்ந்துபோகும்.

உள்ளிழை குறுக்காக ஓடும் நைலான் டயர், நேராக ஓடும் ரேடியலைவிட விலை குறைவு, பக்கச்சுவர் முரடு, முள்ளுக்கும் கல்லுக்கும் தாங்கும், எந்தப் பஞ்சர் கடையிலும் சரிசெய்யலாம். ரேடியல் சூடாவது குறைவு, தாரில் நீண்ட நாள் உழைக்கும். வண்டி தோட்டத்தையும் அடிவாரத்தையும் விட்டு அதிகம் வெளியே போகாது என்றால் நைலானை மட்டமாக நினைக்கத் தேவையில்லை.

வரியும் கவனிக்கத்தக்கது. 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி டயருக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகவும், டிராக்டர் டயருக்கு 18-லிருந்து 5 ஆகவும் குறைந்தது. அடிப்படை விலை 10,000 ரூபாய் உள்ள வண்டி டயரில் இது 1,000 ரூபாய் மிச்சம். பில் கேட்டு வாங்கினால்தான் அந்த மிச்சம் தம் கைக்கு வந்ததா என்று தெரியும்.

பக்கச்சுவரைப் படித்தல்

215/75 ஆர் 15 என்று எழுதியிருந்தால் அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு, ரேடியல், ரிம் 15 அங்குலம். அதற்குப் பின்வரும் எண் தாங்கும் எடையையும், எழுத்து வேகத்தையும் குறிக்கும். க்யூ என்றால் மணிக்கு 160 கி.மீ. நைலான் டயரில் 6 பி.ஆர்., 8 பி.ஆர். என்று, தாங்கும் வலுவைக் காட்டும் பிளை எண் இருக்கும். பாரம் ஏற்றும் வண்டியில் அதைக் குறைத்து வாங்குவது ஆபத்து. ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்.

இன்னொரு எழுத்து உயிர்பிழைக்க உதவும். டிராக்டரின் முன்சக்கரமும் பழைய ஜீப்பும் இரண்டும் 6.00-16. டிராக்டர் டயர் விலை குறைவு என்று ஜீப்பில் மாட்டினால் ரிம்மில் உட்காரும், ஓடவும் செய்யும். ஆனால் அதன் பக்கச்சுவரில் ஏ6 அல்லது ஏ8 என்று இருக்கும். முறையே மணிக்கு 30, 40 கி.மீ. வேகத்துக்கு மட்டுமே அது தகும். உசிலம்பட்டிச் சாலையில் அறுபதில் போகும்போது அது சூடேறி வெடிக்கலாம்.

பழைய டயர்

பழைய டயர் வாங்குபவர் முதலில் தேட வேண்டியது முட்டை வடிவக் கட்டத்துக்குள் உள்ள நாலு இலக்கங்கள். 2423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் செய்தது. கட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும், ஐந்தாறு ஆண்டு வெயிலில் கிடந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். கட்டையின் அடிவேரிலும் பக்கச்சுவரிலும் நகத்தால் அழுத்தினால் மயிரிழை வெடிப்புகள் வாய் திறக்கும். அப்படித் திறந்தால் டயரைக் கீழே வைத்துவிட்டு வரலாம். வழுக்கையான டயரில் சூடான கத்தியால் வரி வெட்டிப் புதிதுபோல் விற்பதும் உண்டு. வெட்டிய வரியின் அடியில் ரப்பர் எஞ்சியிராது, நூல்தான் இருக்கும்.

ரீட்ரேடிங் இதிலிருந்து வேறு. கேசிங் எனும் உடற்கூடு நன்றாக இருக்கும் டயரைச் சுரண்டி, புது ரப்பர் ஒட்டி, வேகவைத்துக் கொடுக்கும் முறையான தொழில் அது. அச்சில் வைத்து ஏறத்தாழ 150 பாகை செல்சியஸில் வேகவைப்பது சூட்டு முறை. முன்பே வார்த்த பட்டையை ஒட்டி 100 பாகையளவில் வேகவைப்பது குளிர் முறை. லக் வடிவப் பட்டையும் கிடைக்கும். பின்சக்கரத்துக்கு இது நல்ல சிக்கனம். ஸ்டீயரிங் பிடிக்கும் முன்சக்கரத்தில் மாட்டக்கூடாது.

காற்று

செலவே இல்லாமல் பிடிப்பைக் கூட்டும் ஒரே வழி காற்றைக் குறைப்பது. சாலையில் 30 பி.எஸ்.ஐ. வைத்து ஓடும் ஜீப்பில், பாரமில்லாத நேரம் 18 அல்லது 20-க்கு இறக்கினால் டயர் நீளமாகப் படிந்து மண்ணை அதிக இடத்தில் பிடிக்கும். வேகம் 20 கி.மீ.-க்கு மேல் போகக்கூடாது. ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். டியூப் டயரில் இன்னும் எச்சரிக்கை தேவை. டியூப் நழுவினால் வால்வு அறுந்துபோகும். பாரம் ஏற்றிய பிக்கப்பில் இந்த வேலையே வேண்டாம். தாரில் ஏறியதும் காற்றை நிரப்ப 12 வோல்ட் கம்ப்ரெசர் ஒன்று வண்டியில் இருக்க வேண்டும். சிக்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இறங்கி, சக்கரத்துக்கு முன் தென்னை மட்டையைப் போட்டு மெதுவாக ஏற்றுவதே எழுமலைத் தோட்டங்களுக்கு ஏற்ற, கைக்கெட்டும் வழி.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. நிறுவனம் அந்த மாடலுக்குக் குறித்த அளவுக்குள் நிற்பதே பாதுகாப்பு. 215/75 ஆர் 15-க்குப் பதில் 235/75 மாட்டினால் டயரின் உயரம் 703 மி.மீ.-யிலிருந்து 733 ஆகும். மீட்டரில் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடும், மட்கார்டில் உரசவும் கூடும். கட்டையின் ஆழம் 1.6 மி.மீ.-க்குக் கீழே தேய்ந்த டயரோடு ஓட்டுவதும் விதிமீறல்.

எழுமலைக்கு அருகே உள்ள சாப்டூர் வனப்பகுதி, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. எந்த டயர் மாட்டியிருந்தாலும் அனுமதியின்றி அந்தக் காட்டுப்பாதைகளில் வண்டி ஏற்றுவது குற்றம். சேற்றில் ஓட்டிப் பார்க்க விரும்புவோர், உடைமைக்காரரைக் கேட்டு, அறுவடை முடிந்த பட்டா நிலத்தில் ஓட்டலாம். வரப்பையும் வாய்க்காலையும் தொடாமல்.