கிழிந்த தாள் விளிம்பு (கணினி வரைகலை)

கிழிந்த தாள் விளிம்பு என்பது, கையால் கிழிக்கப்பட்ட தாளின் ஒழுங்கற்ற ஓரத்தைப் போன்ற தோற்றத்தைக் கணினி வரைகலையில் உருவாக்கும் நுட்பமாகும். செய்தித்தாள் துணுக்கு, பழைய கடிதம், புதையல் வரைபடம் போன்றவற்றைத் திரையில் காட்ட இது பயன்படுகிறது.

தாளின் இயல்பு

தாள் பெரும்பாலும் மரக்கூழ் நார்களால் ஆனது. இயந்திரத்தில் உற்பத்தியாகும்போது நார்களில் பெரும்பகுதி தாள் நகரும் திசையிலேயே படிகின்றது. எனவே நார்த்திசையில் கிழித்தால் ஓரம் ஏறத்தாழ நேராகவும், குறுக்கே கிழித்தால் வளைந்து நெளிந்தும் அமைகின்றது. மேலும் கிழிசல் தாளின் தடிப்பினூடே சாய்வாகச் செல்வதால், அச்சிட்ட மேற்பரப்பு ஓரிடத்திலும் அடிப்பகுதி சற்றுத் தள்ளியும் அறுபடுகின்றன. இவற்றுக்கிடையே வெண்ணிற நார்ப்பட்டை வெளிப்படுகின்றது.

விளிம்புக் கோடு

ஒவ்வொரு புள்ளியையும் ஒன்றோடொன்று தொடர்பற்ற சமவாய்ப்பு எண்களால் நகர்த்தினால், ஓரம் ரம்பத்தின் பற்களைப் போலத் தோன்றும். உண்மையான கிழிசலில் பெரிய வளைவுகளின் மீது சிறிய நெளிவுகளும், அவற்றின் மீது இன்னும் சிறியனவும் அமைந்திருக்கும். இவ்வமைப்பைப் பெறப் பின்வரும் முறைகள் பயன்படுகின்றன.

* நடுப்புள்ளி இடப்பெயர்ச்சி: அலைன் ஃபூர்னியே, டான் ஃபசெல், லோரன் கார்ப்பென்டர் ஆகியோர் 1982 இல் வெளியிட்ட கட்டுரையால் பரவலாக அறியப்பட்டது. கோட்டின் நடுப்புள்ளி சமவாய்ப்பான அளவுக்கு நகர்த்தப்படும். பின்னர் இரு பாதிகளிலும் இதுவே சிறிய அளவில் மீண்டும் செய்யப்படும். 10 சுற்றுகளில் ஒரு கோடு 1024 துண்டுகளாகிவிடும். நகர்வின் எல்லையைச் சுற்றுதோறும் பாதியாக்கினால் மென்மையான ஓரமும், 0.7 மடங்காக்கினால் கரடுமுரடான ஓரமும் கிடைக்கும்.
* பெர்லின் இரைச்சல்: கென் பெர்லின் 1985 இல் வெளியிட்ட முறை. வெவ்வேறு அலைநீளமும் வீச்சும் கொண்ட இரைச்சல்கள் பல கூட்டப்பட்டு, அக்கூட்டுத்தொகையின்படி ஓரம் நகர்த்தப்படும். எஸ்விஜி தரத்திலுள்ள கொந்தளிப்பு வடிகட்டி இம்முறையை அடிப்படையாகக் கொண்டது.

வெண்பட்டை

வெண்பட்டையை உருவாக்க, முதற்கோட்டிற்கு அருகே இரண்டாவது கோடு ஒன்று வரையப்படும். இதற்கு வேறு சமவாய்ப்பு எண்கள் தேவை. முதற்கோட்டையே படியெடுத்துத் தள்ளிவைத்தால் பட்டையின் அகலம் எங்கும் ஏறத்தாழ ஒன்றாகி, ஒட்டுத்தாளின் வெள்ளைக் கரை போல ஆகிவிடும். இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட பகுதி வெண்மையாக நிரப்பப்பட்டு, நாரின் சொரசொரப்பும் மெல்லிய நிழலும் சேர்க்கப்படுகின்றன.

துண்டுகளின் பொருத்தம்

ஒரே தாளின் இரு துண்டுகளையும் காட்டும்போது அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சமவாய்ப்பு எண் ஆக்கிக்கு ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்தால் இரண்டிற்கும் ஒரே விளிம்புக் கோடு கிடைக்கும். அவ்விடத்தில் வெண்பட்டையை ஒரு துண்டின் முன்பக்கத்தில் மட்டுமே காட்ட வேண்டும். மற்றதில் அது பின்பக்கத்தில் மறைந்திருக்கும். இரண்டிலும் காட்டுவது இத்தகைய படங்களில் காணப்படும் பொதுவான பிழையாகும்.