யாக்கூத்தியா: மாதவாரித் தட்பவெப்பம்

யாக்கூத்தியா, ரஷ்யாவின் வடகிழக்கில் நிரந்தர உறைநிலத்தின்மேல் விரிந்துள்ள, கடுமையான கண்டத் தட்பவெப்பம் கொண்ட பகுதி. தலைநகர் யாக்கூத்ஸ்கில் சனவரிச் சராசரி ஏறத்தாழ −38° செ.; சூலையில் 19° செ.க்கு மேல். அக்டோபரிலேயே நிலம் வெண்மையாகிவிடும். லேனா ஆற்றின் பனிக்கட்டி உடைய மே மாதப் பிற்பகுதி ஆகும்.

இக்குளிருக்குத் துருவத்தின் அண்மையே காரணம் என்பது பரவலான கருத்து. அது பாதி உண்மைதான். நார்வேயின் திரோம்சோ இன்னும் வடக்கே இருந்தும் சனவரியில் −4° அளவிலேயே நிற்கிறது. வெப்ப நீரோட்டம் அதைக் காப்பதால் ஒப்பீடு பொருந்தாது எனலாம். ஆனால் அந்த வெப்பம் எட்டாத யாக்கூத்தியாவின் வடகடலோரத் திக்சியும், தனக்குத் தெற்கே உள்நிலத்தில் உள்ள வெர்கோயான்ஸ்கைவிடச் சனவரியில் 10 பாகைக்கு மேல் வெப்பமானது. ஆகவே கடலிலிருந்து விலகியிருப்பதும் நில அமைப்புமே முதன்மைக் காரணங்கள். சைபீரிய உயரழுத்தத்தின் தெளிந்த வானின்கீழ் நிலம் வெப்பத்தை இழக்க, கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்குகளில் தேங்குகிறது. யாக்கூத்ஸ்கில் மனிதர் விடும் மூச்சும் வண்டிப்புகையும் மேலெழ வழியின்றி, பனித்துகள் மூட்டமாகத் தெருவிலேயே நிற்பது இதனால்தான். கடலிலிருந்து விலகியிருப்பதே காரணம் என்பதற்குக் கோடையும் சான்று: 1892 பிப்ரவரியில் −67.8° பதிவான வெர்கோயான்ஸ்கில் 2020 சூன் 20 அன்று 38° பதிவானது. யாக்கூத்ஸ்கின் ஆண்டுப் பொழிவு ஏறத்தாழ 240 மி.மீ. மட்டுமே, பெரும்பகுதி கோடை மழை. உறைநிலம் அந்நீரைக் கீழே இறங்கவிடாததால்தான் இவ்வளவு குறைந்த மழையிலும் லார்ச் காடுகள் நிலைக்கின்றன.