நாக்குக் கட்டு: வெட்டுவதா, விடுவதா?

பக்கத்தில் கண்ணாடி இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வாயை நன்றாகத் திறந்து, நாக்கின் நுனியை மேலே தூக்கிப் பாருங்கள். அடியில், நடுவிலே, மெல்லிய சவ்வு ஒன்று நாக்கைக் கீழ்வாயோடு சேர்த்துப் பிடித்திருப்பது தெரியும். எல்லாருக்கும் அது உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே அது குட்டையாகவோ தடித்தோ, நாக்கின் நுனிவரை ஒட்டியோ இருந்துவிடுகிறது. அப்போது நாக்கு வேண்டிய அளவுக்கு நீளாது, உயராது. இதைத்தான் நாக்குக் கட்டு என்கிறோம். ஆண் குழந்தைகளிடம் இது சற்றுக் கூடுதலாகக் காணப்படும். சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகவும் வரும்.

"பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. நாக்கு ஒட்டியிருக்கிறது. வெட்டிவிட்டால் பேசிவிடும்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த எண்ணம் நம் லயத்து வீடுகளில் பிறந்ததன்று. இதற்கு வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். கிறிஸ்து பிறப்பதற்கு நான்கு நூற்றாண்டு முன்பு வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், நாக்கு கட்டுண்டவர்களுக்குப் பேச்சுக் குழறும் என்று எழுதிவைத்தார். பைபிளில் மாற்கு எழுதிய நற்செய்தியிலும், பேச முடியாத ஒருவரின் நாக்குக் கட்டு அவிழ்ந்தது என்ற செய்தி வருகிறது.

முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் மருத்துவ நூல் ஒன்றை எழுதினார். நாக்கின் நுனியை இடுக்கியால் பிடித்து, அடிச்சவ்வை வெட்ட வேண்டும், பக்கத்து இரத்தக் குழாய்களில் கத்தி பட்டுவிடாமல் மிகுந்த கவனம் வேண்டும் என்று அதில் முறையைச் சொல்கிறார். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. புண் ஆறியதும் பலர் பேசினார்கள் என்று சொல்லிவிட்டு, தமக்குத் தெரிந்த ஒருவருக்கு அறுவைக்குப் பின் நாக்கு பல்லைத் தாண்டி நன்றாக வெளியே வந்தும் பேச்சு வரவே இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். வைத்தியர்கள் தங்கள் வெற்றியை மட்டுமே பறைசாற்றும் உலகத்தில் இப்படிப்பட்ட வரி அபூர்வம். பின்னால் வந்தவர்கள் அந்த வரியை ஊன்றிப் படித்திருந்தால் பல குழந்தைகள் தப்பியிருப்பார்கள்.

இனி ஓர் அரண்மனைக்குப் போவோம். 1601-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் பிரான்ஸ் நாட்டு மன்னர் நான்காம் ஹென்றிக்கு ஆண் வாரிசு பிறந்தது. பிள்ளையைக் கவனிக்க நியமிக்கப்பட்ட ஏரோவார் என்னும் மருத்துவர், அன்று தொடங்கித் தாம் இறந்த 1628 வரை நாள்தோறும் குறிப்பு எழுதிவந்தார். பிள்ளை என்ன உண்டது, எப்படித் தூங்கியது, என்ன பேசியது என்று எல்லாமே அதில் இருக்கிறது. இளவரசன் பால் குடிக்கத் திணறியதும், நாக்கின் அடியைப் பார்த்தபோது கட்டு இருந்ததும், பிறந்து இரண்டு நாளில் அரசரின் அறுவை மருத்துவர் வந்து அதை வெட்டியதும் அந்தக் குறிப்பிலிருந்து தெரியவருகின்றன.

அந்தக் குழந்தை வளர்ந்து பதின்மூன்றாம் லூயி மன்னரானது. நாக்கின் கட்டை அவிழ்த்தாயிற்று. நாட்டின் தலைசிறந்த வைத்தியர்கள் கூடவே இருந்தார்கள். ஆனாலும் மன்னருக்குத் திக்குவாய் இருந்தது. வாழ்நாள் முழுதும் அது அவரை விட்டு நீங்கவில்லை. வெட்டியது தவறா என்றால், இல்லை. பால் குடிக்க முடியவில்லை என்பதற்காகத்தானே வெட்டினார்கள்? திக்குதல் வேறு சங்கதி. அது நாக்கின் சவ்வில் பிறப்பதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் வந்தது விபரீதம். 1841-இல் பெர்லின் நகரத்து டீஃபன்பாக் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர், திக்குவாயைப் போக்குவதாக நாக்கின் அடிப்பாகத்திலேயே சதையை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து வழக்கத்துக்கு வராத காலம் அது! வேறு நாட்டவரும் அதைப் பின்பற்றினார்கள். சிலர் உயிரிழந்த பிறகே அந்த முறை கைவிடப்பட்டது.

மன்னர் வீட்டில் மருத்துவர் வெட்டினார். ஏழை வீட்டில்? ஐரோப்பாவில் பல மருத்துவச்சிகள் ஒரு விரல் நகத்தை நீளமாக வளர்த்துக் கூராக்கி வைத்திருந்து, பிறந்த குழந்தையின் நாக்குச் சவ்வை அதாலேயே கிழித்துவிடுவார்கள். தேவை உண்டா என்று பார்ப்பதில்லை. பிறந்த சடங்குபோல அது நடந்தது. நகத்தில் அழுக்கு இருக்கும், சீழ் வைக்கும், இரத்தம் நிற்காது. 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் அறுவை மருத்துவர் பெத்தி, தேவையின்றி வெட்டப்பட்ட குழந்தைகள் இறந்துபோனதை எடுத்துக்காட்டி எச்சரித்தார். இன்றைக்கும் நகமோ பிளேடோ வைத்து வீட்டில் இந்த வேலையைச் செய்ய யாராவது முன்வந்தால் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

இருபதாம் நூற்றாண்டில் கதை வேறு பக்கம் திரும்பியது. புட்டியும் டின் பாலும் வந்தன. புட்டியில் குடிக்கும் பல பிள்ளைகளுக்கு நாக்குக் கட்டு பெரிய இடைஞ்சலாகத் தெரிவதில்லை. ஆகவே மருத்துவர்கள் பலர் நாக்கின் அடியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். நம் நாட்டுச் செய்தி ஒன்று இங்கே சேர்கிறது. 1936-இல் மலாயாவுக்கு வந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய டின் பாலைக் குடித்துப் பச்சிளம் பிள்ளைகள் சாவதைக் கண்டு கொதித்தார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்குத் தலைப்பே 'பாலும் கொலையும்' என்பதுதான். அவர் நாக்குக் கட்டைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பால் வெட்டப் போக வேண்டிய தாய். மார்பைப் பிடிக்க முடியாமல் அழும் பிள்ளை. "உனக்குப் பால் இல்லை" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், டின் வீட்டுக்கு வந்துவிடும். தாயிடம் பால் இருந்திருக்கும். பிள்ளையின் நாக்கைத்தான் யாரும் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தாய்ப்பாலின் அருமை மீண்டும் உணரப்பட்டபோது நாக்குக் கட்டும் மீண்டும் கவனத்துக்கு வந்தது. 2005-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வெளியானது. நாக்குக் கட்டோடு பால் குடிக்கச் சிரமப்பட்ட 57 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். உடனே வெட்டப்பட்ட 28 பேரில் 27 பேர் நன்றாகக் குடித்தார்கள். ஆலோசனை மட்டும் பெற்ற 29 பேரில் ஒருவரே தேறினார். இதைக் கேட்டதும் எல்லாப் பிள்ளைக்கும் வெட்டிவிடலாமே என்று தோன்றும். பொறுங்கள். 2017-இல் ஐந்து ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, தாயின் முலைக்காம்பு வலி சில காலத்துக்குக் குறைகிறது என்பதுதான் உறுதிப்பட்டது. பிள்ளை குடிப்பதில் எப்போதும் ஒரே மாதிரியான பலன் தெரியவில்லை. 2024-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும், கட்டு இருக்கும் குழந்தைகளில் பாதிப்பேருக்குக்கூடப் பால் குடிப்பதில் தொல்லை வருவதில்லை, தேவையில்லாத அறுவைகள் பெருகிவிட்டன என்று எச்சரித்தது. பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதை விட்டு, நாக்கால் என்ன செய்ய முடிகிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்கிறார்கள்.

அப்படியானால் தாய்மார்கள் எதைக் கவனிக்கலாம்? பிள்ளை மார்பைப் பிடித்துப் பிடித்து நழுவவிடும், குடிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும், வெகுநேரம் குடித்தும் பசி ஆறாது, எடை ஏறாது. தாய்க்கு முலைக்காம்பு நசுங்கி வெடிக்கும். அழும்போது பார்த்தால் நாக்கு மேலே எழாது. நீட்டும்போது நுனி நடுவில் பள்ளமாகி இதயத்தின் வடிவில் தெரியும். இவற்றைக் கண்டால் வீட்டுக்கு வரும் தாதியிடமோ தாய் சேய் நலக் கிளினிக்கிலோ சொல்லுங்கள். பிள்ளையைப் பிடிக்கும் முறையை மாற்றினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடுவதும் உண்டு. தீரவில்லையென்றால், பச்சிளம் பிள்ளைக்குச் செய்யும் அறுவை மிகச் சிறியது. துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் ஒரு நறுக்கு. சில சொட்டு இரத்தம். உடனே பால் கொடுக்கலாம். குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் யாருக்காவது இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வளர்ந்த பிள்ளைக்கு ஐஸ்கிரீமை நக்கவோ, பல்லிடுக்கில் ஒட்டிய சோற்றை நாக்கால் எடுக்கவோ முடியாமற் போகலாம். பெரியவர்களிலும் கட்டோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். பலருக்கு அது இருப்பதே தெரியாது. கீழ்ப் பல் செட்டு கட்டும்போது நாக்கின் சவ்வு அதைத் தூக்கிவிடுவதால் பல் மருத்துவர் சொல்லித் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. நாகசுரம் போன்ற ஊது கருவி பழகும்போது நாக்கு ஒத்துழைக்காமல் கண்டுகொள்பவர்களும் உண்டு. இந்த வயதில் வெட்டும் இடத்தை மரக்கவைத்து, தையலும் போட வேண்டி வரலாம். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படும். பின்னர் நாக்குப் பயிற்சி செய்யாவிட்டால் புண் ஆறும்போது மறுபடியும் ஒட்டிக்கொள்ளக்கூடும்.

பேச்சுக்கு வருவோம். ரகரமும் ழகரமும் நாக்கின் நுனி உயர்ந்து அண்ணத்தை வருடும்போது பிறக்கின்றன என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் அன்றே சொல்லிவைத்தது. எனவே கடுமையான கட்டு இருந்தால் இப்படிப்பட்ட சில ஒலிகள் மழுங்கலாம். ஆனால் நான்கு வயதுப் பிள்ளை 'பழம்' என்பதைப் 'பலம்' என்றால் அதற்குக் கட்டு காரணமாக இருக்க வேண்டியதில்லை. அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான். பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொன்ன பிறகே அறுவையைப் பற்றி யோசிக்க வேண்டும். நாக்கில் வசம்பு தேய்த்தாலும் சவ்வு நீளாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேன் தடவுவது ஆபத்தும்கூட.

இன்னொன்று. 'அம்மா', 'அப்பா' என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். நாக்கின் நுனி அசையவே இல்லை, உதடுதான் வேலை செய்கிறது. ஆகவே இரண்டு வயதாகியும் அம்மா என்று அழைக்காத பிள்ளைக்கு நாக்குக் கட்டைக் காரணம் காட்டி வருடத்தைக் கடத்தாதீர்கள். முதலில் அந்தப் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று மருத்துவமனையில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.