பழைய வரைகலை அட்டைகளும் லினக்ஸின் சாரதிகளும்

அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனை வரை செல்லும் கரையோர நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் கணினி திருத்தும் கடைகள் உள்ளன. அக்கடைகளின் பின்னறையில், மேசைகளின் அடியில், வயது முதிர்ந்த கணினிகள் தூசு படிந்து கிடப்பதை நேயர்களிற் பலர் கண்டிருப்பர். அவற்றுட் சிலவற்றுக்கு 'வீ.ஜீ.ஏ. கார்ட் போய்விட்டது' என்பதே கடைசித் தீர்ப்பு. கடற்காற்றின் உப்பு பித்தளையையும் செம்பையும் அரிப்பது போல் அட்டையின் பொன்முலாம் பூசிய விளிம்பையும் பழுதாக்கும். திருத்துவோர் அதனை அழிறப்பரால் தேய்த்துத் துடைத்து மீண்டும் பொருத்திப் பார்ப்பர். அப்படியும் எழாத அட்டை இறந்ததே. ஆயின், இறந்தவை என ஒதுக்கப்பட்ட அட்டைகள் யாவும் உண்மையில் இறந்தவை அல்ல. அட்டை நலமாக இருக்க, அதனை இயக்கத் தெரிந்த மென்பொருள் இல்லாது போனமையாற் கைவிடப்பட்டவை பல. லினக்ஸ் இயங்குதளத்தில் இந்தக் கைவிடுதல் எவ்வாறு நேர்ந்தது, எந்த அட்டைகள் அதனின்றும் தப்பின என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கணினியின் திரையில் நாம் காணும் எழுத்தும் படமும் வரைகலை அட்டை வரைந்தவை. அந்த அட்டைக்குட் சிறு சிறு பதிவகங்கள் உள்ளன. இந்தப் பதிவகத்தில் இந்த எண்ணை எழுதினால் திரை இவ்வளவு அகலமாகும், அந்தப் பதிவகத்தில் அந்த எண்ணை எழுதினால் முக்கோணம் ஒன்று வரையப்படும் என்று ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனி முறை உண்டு. இந்த முறையை அறிந்து, இயங்குதளத்தின் கட்டளையை அட்டைக்கு எடுத்துச் சொல்லும் மென்பொருளுக்கு ஆங்கிலத்தில் டிரைவர் என்று பெயர். பேருந்து ஓட்டுபவரை நம் நாட்டிற் சாரதி என்கிறோம். அப்பெயர் இதற்கும் நன்கு பொருந்துமாதலால் அதனையே ஈண்டு வழங்குவேன்.

மருதமுனையின் கைத்தறி நாடறிந்தது. தறியின் அச்சு உடைந்தாலோ மிதி தளர்ந்தாலோ அதனைச் செப்பனிட, தறி செய்தவரையே தேடிச் செல்ல வேண்டியதில்லை. அதன் உறுப்புகள் யாவும் கண்ணுக்குத் தெரிவன. பாவு எவ்வழி ஓடுகிறது, ஊடு எவ்வழி பாய்கிறது என்பதைப் பார்த்தே அறியலாம். வரைகலை அட்டையோ அவ்வாறன்று. அதன் பதிவகங்களின் பொருள் செய்தவரின் ஏட்டில் மட்டுமே இருக்கிறது. அந்த ஏட்டை அவர் வெளியிட்டால் யாரும் சாரதி எழுதலாம். வெளியிடாவிட்டால் அவர் தருவதே சாரதி. அவர் நிறுத்தும் நாளே அதற்கு இறுதி நாள்.

பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக 1991ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதம் அறிவித்தார். அதுவே லினக்ஸ். அதற்குச் சாளரங்களும் படங்களும் காட்டும் ஆற்றலை அளித்தது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1984இல் தோன்றிய எக்ஸ் என்னும் மென்பொருள். அதனை வீட்டுக் கணினிகளுக்கு ஏற்ப அமைத்த தன்னார்வலர் குழு 1992இல் எக்ஸ்ஃப்ரீ86 என்ற பெயரில் உருவாயிற்று. அக்காலத்தில் லினக்ஸை நிறுவியவர் பட்ட பாட்டை இன்றைய இளைஞர் நம்பமாட்டார். தம் அட்டையில் எந்தச் சில்லு இருக்கிறது என்பதையும், திரைப்பெட்டி எத்தனை கிலோஹேர்ட்ஸ் தாங்கும் என்பதையும் அவரே தேடி அறிந்து, ஒரு கோப்பில் எண்களாக எழுதவேண்டும். எண் பிசகினால் திரை இருளும். அந்நாளைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளுட் சில தாங்கவியலாத அதிர்வெண்ணாற் பழுதாகியும் விடும். கையேடுகளில் இதுபற்றிய எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. டயமண்ட் என்னும் நிறுவனத்தின் அட்டைகள் சந்தையிற் பெரிதும் விற்பனையாயின. ஆயினும், அவற்றின் கடிகாரச் சுற்றை இயக்கும் முறையை அந்நிறுவனம் வெளியிட மறுத்தது. எக்ஸ்ஃப்ரீ86 குழுவினர் அவ்வட்டைகளுக்கு ஆதரவு தர இயலாது என்று தம் ஆவணங்களில் வெளிப்படையாகவே எழுதி, வேறு அட்டை வாங்குமாறு பயனர்க்கு அறிவுறுத்தினர். சில ஆண்டுகளின் பின் அந்நிறுவனம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. ஊதியம் பெறாத ஒரு சிறு குழு ஒரு வாணிக நிறுவனத்தை இணங்கச் செய்த நிகழ்ச்சி என்ற வகையில் இதனை நான் பெரிதாக மதிக்கிறேன்.

முப்பரிமாணப் படங்களின் காலம் வந்ததும் சிக்கல் முதிர்ந்தது. பிரையன் போல் என்பவர் 1993இல் எழுதத் தொடங்கி 1995இல் வெளியிட்ட மேசா என்னும் மென்பொருளே லினக்ஸின் முப்பரிமாண வரைகலைக்கு இன்றும் அடித்தளம். 1996இல் வந்த வூடூ அட்டையாற் புகழ்பெற்ற 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் தன் கிளைடு மென்பொருளின் மூலத்தை 1999இல் வெளியிட்டது. மறு ஆண்டு டிசெம்பரில் அதன் சொத்துகளைப் போட்டி நிறுவனமாகிய என்விடியா வாங்கியது. நிறுவனம் மறைந்தது, அதன் அட்டைகளோ, மூலநிரல் பொதுவில் இருந்தமையால், பின்னும் பல ஆண்டுகள் லினக்ஸில் இயங்கின.

என்விடியா வேறு வழியிற் சென்றது. தன் சாரதியைத் தானே எழுதி, மூலத்தை மறைத்து, இயங்கும் வடிவில் மட்டும் வழங்கியது. அச்சாரதி விரைவானது, நல்லது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் லினக்ஸின் கருவாகிய கேர்னல் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக வெளிவருவது. அதன் உட்புற இணைப்புகள் மாறிக்கொண்டேயிருக்கும். கருவுடன் சேர்ந்து வளரும் திறந்த சாரதியை, இணைப்பை மாற்றுபவரே உடன் திருத்திவிடுவார். மறைந்த மூலத்தை அவர் திருத்துவது எங்ஙனம்? ஆகவே நிறுவனம் ஒரு தலைமுறை அட்டைகளுக்கு விடை கொடுத்ததும், அவை பழைய கருவிலேயே தங்கிவிடுகின்றன. 2004இல் வந்த ஜீபோர்ஸ் 6 வரிசையும் அடுத்து வந்த 7 வரிசையும் 304 என்னும் சாரதிக் கிளையோடு நின்றன. அக்கிளை 2017இல் முடிவுற்றது. ஜீபோர்ஸ் 8, 9 வரிசைகளுக்குரிய 340 கிளை 2019ஆம் ஆண்டோடும், 400, 500 வரிசைகளுக்குரிய 390 கிளை 2022ஆம் ஆண்டோடும் முடிந்தன. 2016இல் வந்த 10ஆம் வரிசைக்கும் 580ஆம் கிளையே இறுதி என்று 2025இல் அறிவிக்கப்பட்டது.

ஏ.ரி.ஐ. நிறுவனத்தின் கதை இன்னும் சுவையானது. 2002இல் வந்த அதன் ரேடியான் 9700 அட்டை அந்நாளில் வியப்புக்குரியதாக இருந்தது. அதன் சில்லுக்கு ஆர்300 என்று பெயர். அந்நிறுவனமும் ஃபிகிளார்எக்ஸ் என்னும் மூடிய சாரதியையே லினக்ஸுக்கு வழங்கியது. 2004 அளவில் தன்னார்வலர் சிலர் அச்சில்லின் பதிவகங்களை வெளியிலிருந்தே ஆராய்ந்து, திறந்த சாரதி ஒன்றை எழுத முற்பட்டனர். 2006இல் ஏ.ரி.ஐ.யை ஏ.எம்.டி. வாங்கியது. 2007 செப்தெம்பரில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் எக்ஸ் மென்பொருளாளர் கூடிய மாநாட்டையொட்டி, ஏ.எம்.டி. தன் சில்லுகளைப் பற்றி ஏறத்தாழ 900 பக்கங்கள் கொண்ட ஆவணங்களை வெளியிட்டது. முந்திய தலைமுறைச் சில்லுகளின் விவரங்களும் பின்னர் வெளிவந்தன.

அதன் பயன் 2009 மார்ச்சில் விளங்கியது. ஆர்300 முதல் ஆர்500 வரையுள்ள அட்டைகளை ஏ.எம்.டி. தன் மூடிய சாரதியிலிருந்து நீக்கியது. அவற்றுள் வாங்கி மூன்றாண்டு நிரம்பாதவையும் இருந்தன. வாங்கியவர் நெஞ்சம் கொதித்தது இயல்பே. என்றாலும் ஏடு பொதுவுக்கு வந்துவிட்டமையால் திறந்த சாரதி நாளுக்கு நாள் வளர்ந்தது. மூடிய சாரதி வழக்கொழிந்து ஆண்டுகள் பல கடந்த பின்னும், ஆர்300க்குரிய திறந்த சாரதி மேசாவில் இருந்து வருகிறது. விரல்விட்டு எண்ணத்தக்க தன்னார்வலர் அதனைத் திருத்தியும் விரைவாக்கியும் வந்துள்ளனர். இருபதாண்டு கடந்த அட்டை ஒன்று இன்றைய கருவோடு இயங்குகிறது என்றால், தயாரித்தவரின் கருணையை நம்பியிருந்தால் இது நடந்திராது.

ஏடு கிடைக்காத என்விடியா அட்டைகளுக்கும் சிலர் முயன்றனர். பிரெஞ்சு மொழியிற் 'புதிது' என்று பொருள்படும் நூவோ என்ற பெயரில் 2005 அளவில் அம்முயற்சி தொடங்கியது. மூடிய சாரதி இயங்கும்போது அட்டையின் எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதுகிறது என்பதைக் கருவி கொண்டு ஒற்றறிந்து, ஒவ்வொன்றாகப் பொருள் கண்டனர். பூட்டிய வீட்டின் உள்ளே நடப்பதைச் சுவரிற் காது வைத்துக் கேட்டு எழுதுவது போன்ற வேலை. 2010 பெப்ரவரியில் வந்த 2.6.33 கருவில் நூவோ இடம்பெற்றது. திரை சரியான அளவில் தெரியும். அன்றாட வேலைகள் நடக்கும். ஆனால் அட்டையின் கடிகார வேகத்தை உயர்த்தும் முறை பெரும்பாலான அட்டைகளிற் கைகூடவில்லை. வல்லமை மிக்க அட்டையும் தொடக்க வேகத்திலேயே தள்ளாடியது. 2014ஐ அடுத்து வந்த அட்டைகளில் நிறுவனத்தின் கையொப்பமிட்ட நிரலின்றி வேகத்தைத் தொடவே இயலாமற் போயிற்று. 2022 மே மாதம் என்விடியா தன் சாரதியின் கருப்பகுதி மூலத்தை வெளியிட்டபோது பலர் மகிழ்ந்தனர். அதுவும் 2018 முதல் வந்த தலைமுறைகளுக்கே பொருந்துவது. அவற்றுக்கு முந்திய அட்டைகளுக்கு அதனால் ஒரு பயனுமில்லை.

இதுவரை கேட்ட நேயர்கள், மூலம் திறந்திருந்தால் அட்டைக்கு மரணமே இல்லை என்று எண்ணக்கூடும். அதுவும் சரியன்று. 2012இல் வந்த மேசா 8.0 பதிப்பு வூடூ, ரேஜ் 128, சாவேஜ், மாட்ரொக்ஸ் முதலிய முதியவற்றின் முப்பரிமாணச் சாரதிகளை நீக்கியது. அவற்றின் கருப்பகுதிகள் 2023 ஏப்ரலில் வந்த 6.3 கருவிலிருந்து அகற்றப்பட்டன. அவை யாவும் திறந்தவையே. திரையை அமைக்கும் பணி 2009 முதல் கருவுக்குள்ளேயே செய்யப்படலாயிற்று. அந்தப் புது முறைக்கு அவற்றை மாற்றி எழுத ஆளில்லை. கவனிப்பாரற்ற பழைய நிரல் பாதுகாப்புக்கும் தீங்காயிற்று. மேசாவின் வேறு சில பழஞ்சாரதிகள் 2022 முதல் 'அம்பர்' என்னும் தனிக் கிளையிற் பேணப்படுகின்றன.

இக்கரைக்குத் திறந்த மூலம் அந்நியமானதன்று. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை நம் கரையை அழித்த சில நாட்களுள், காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்வதற்கென இலங்கை மென்பொருளாளர் எழுதிய 'சகானா' திறந்த மூலமாகவே பிறந்தது. பிற நாடுகளின் பேரிடர்களிலும் பின்னர் அது பயன்பட்டது. ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கரைப் பிள்ளைகளுக்கு ஊரருகிலேயே உயர்கல்வியைத் தந்தது. ஒரு பழஞ்சாரதியைப் பேண ஓரிருவரே போதும் என்று மேலே கண்டோம். அந்த ஓரிருவர் நிந்தவூரிலோ சம்மாந்துறையிலோ இருக்கக் கூடாதென்று விதியில்லை.

இனி, மேசையடியிற் கிடக்கும் பெட்டிக்கு வருவோம். லினக்ஸ் நிறுவியபின் படங்கள் மங்கலாகப் பெருத்தும், சாளரத்தை நகர்த்தினால் திரை இழுபட்டும் தோன்றுமாயின், அட்டை இறந்துவிட்டதென முடிவு செய்தல் வேண்டா. உரிய சாரதி கிடைக்காதபோது கணினி, அட்டைகள் பெரும்பாலும் அறிந்த பொது முறையொன்றால் திரையைக் காட்டி, வரையும் வேலை முழுவதையும் மையச் செயலியின் தலையிற் சுமத்துகிறது. ஆமை நடை அதனால் வந்தது. முனையத்தில் 'எல்எஸ்பிசிஐ' என்னும் கட்டளையைக் கொடுத்தாற் சில்லின் பெயர் தெரியும். அட்டைமேல் ஒட்டிய விற்பனைப் பெயரை நம்புவதிலும் சில்லின் பெயரை அறிவதே முறை. ஒரே விற்பனைப் பெயரில் வெவ்வேறு சில்லுகள் வந்ததுண்டு. அது ரேடியான் வகையாயின் மூடிய சாரதியைத் தேடி அலையாது, விநியோகத்துடன் வரும் திறந்த சாரதியையே விட்டுவைப்பது நன்று. இன்டெல்லின் உள்ளமைந்த வரைகலைக்கும் இதுவே வழி. பழைய ஜீபோர்ஸாயின் நூவோவின் வேகம் போதுமா என்று முதலிற் பார்த்து, போதாதெனின், அதன் கிளைக்கு ஏற்ற பழைய கருவுள்ள விநியோகத்தை இணையத்தோடு சேர்க்காத பணிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

செயலியையும் மறவாது பார்த்துக்கொள்ளல் வேண்டும். 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13ஆம் பதிப்பு, 32 பிட்டுக் கணினிகளுக்கான நிறுவியையும் கருவையும் வழங்குவதை நிறுத்திவிட்டது. ரேடியான் 9700க்குச் சாரதி இருந்தும், அது செருகப்பட்ட பழைய பென்ரியம் 4 பெட்டியில் அப்பதிப்பை நிறுவ முடியாது. ஆதலின், அட்டையைச் சோதிக்குமுன் பெட்டி 64 பிட்டா என்பதைக் கேட்டறிந்துகொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.